நெல்லைச் சீமையிலிருந்து ஊடகம், சினிமா மேல்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இளங்கலை முடித்துவிட்டு ஊடகத்திலோ சினிமாவிலோ முதுகலை, முனைவர் பட்டம் என்று மேலே போக நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் படிப்பு முடித்தால் டைரக்டர் ஆகலாமா?

ஆகலாம், ஆனால் இந்தப் படிப்பு அதற்காக வைத்ததில்லை. இளங்கலை விஸ்காமில் (காட்சித் தொடர்பியல்) கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவு எல்லாம் கையில் பழகுவீர்கள். முதுகலைக்கு மேலே போகப் போக வேலை வேறாகிவிடும். ஒரு படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்தத் தியேட்டரில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள், படம் விட்டு வெளியே வந்து என்ன பேசினார்கள், அந்தப் பேச்சு ஊரில் எதையாவது மாற்றியதா என்று தேடிப் போய்க் கேட்டு, கிடைத்ததைச் சான்றோடு எழுதுவதுதான் இந்தப் படிப்பு.

படம் எடுப்பதுதான் ஆசை என்றால் அதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. 1960-இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தாவில் இருக்கும் சத்யஜித் ரே நிறுவனம், சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசுத் திரைப்படக் கல்லூரி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். அங்கே பயிற்சிதான் முதன்மை. இரண்டு ஆசையும் உள்ளவர்கள் எதை முதலில் செய்வது என்று கேட்டால், கை பழகும் வேலையை இளம் வயதில் செய்துவிட்டு ஆய்வுக்கு வருவது நல்லது என்பேன். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து பார்த்தவர் ஒரு வெட்டைப் பற்றி எழுதும்போது அதில் வேறு தெளிவு இருக்கும்.

நான் பி.காம். (அல்லது தமிழ், வரலாறு, இயற்பியல்). என்னைச் சேர்ப்பார்களா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஊடக முதுகலைக்கு எந்த இளங்கலைப் பட்டமும் போதும். வணிகவியல் படித்தவர் தியேட்டர் வசூலையும் விநியோகத்தையும் நன்றாகப் புரிந்துகொள்வார். வரலாறு படித்தவருக்கு ஆவணக்காப்பகம் பழகின இடம். தயங்க வேண்டாம்.

எங்கே படிப்பது? ஊரிலேயே முடியுமா?

முடியும். அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கியது. அங்கே தொடர்பியல் துறை இருக்கிறது, ஆய்வும் செய்யலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுக்குப் பெயர் பெற்றது. கொடை விழா, வில்லுப்பாட்டு, கூத்து இவற்றோடு ஊடகத்தைச் சேர்த்து ஆராய நினைப்பவர்கள் அந்த நூலகத்தையும் அங்கே திரண்டிருக்கும் அறிவையும் விட்டுவிடக் கூடாது.

ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை, கோவை பாரதியார் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், அப்புறம் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். சினிமாவை மட்டும் ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆய்வுத் துறைதான் நாட்டில் முன்னோடி, அது 1993-இல் தொடங்கியது. ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் பள்ளியிலும் சினிமாவுக்கென்று ஆய்வு உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலை சேர க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அறிவிப்பை நாமேதான் கவனித்து விண்ணப்பிக்க வேண்டும், யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

என் விருப்பத்தைச் சொல்கிறேன்: முதுகலைக்கு வெளியூர் போங்கள், முனைவர் பட்டத்துக்கு ஊரைப் பற்றிய கேள்வியோடு திரும்பி வாருங்கள். வெளியே போனால் வேறு மாநிலத்துப் பிள்ளைகள் எப்படிப் படம் பார்க்கிறார்கள், எப்படி வாதாடுகிறார்கள் என்று தெரியும். இங்கே திரும்பினால் அந்தப் பழக்கத்தோடு யாரும் தொடாத பொருளில் கை வைக்கலாம்.

பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். என்ன சொல்வது?

அம்மா அப்பாவின் கவலையைத் தள்ளிவிட்டுப் பேசாதீர்கள். விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, இரவு எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், ஏற்கெனவே அங்கே படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் யார் என்பதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள். முடிந்தால் சேர்க்கைக்கு முன்பே ஒரு தடவை அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு வளாகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். நேரில் பார்த்த பிறகு பாதி பயம் போய்விடும்.

கல்யாணப் பேச்சு நடுவில் வந்து படிப்பு நின்றுவிடுமோ என்ற பயமும் உண்டு. அதற்கு விதிகளிலேயே கொஞ்சம் இடம் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிகளின்படி பெண்களுக்கு வழக்கமான காலத்துக்கு மேல் 2 ஆண்டு கூடுதலாகத் தரலாம். ஆய்வுக் காலத்தில் மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பும் எடுக்கலாம். இது பல வீடுகளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரிடமும் தயங்காமல் சொல்லுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு என்ன தகுதி? எத்தனை வருடம் ஆகும்?

முதுகலையில் 55 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமிலேயர் அல்லாத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. 4 ஆண்டு இளங்கலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. முதலில் ஆய்வு முறைகள் பற்றிய பாடத்தேர்வுகள் இருக்கும், அதை முடித்த பிறகுதான் முழு ஆய்வு. வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகவும் செய்யலாம், வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். எம்.ஃபில். படிப்பை அதே 2022 விதிகளோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே இன்னும் யாராவது எம்.ஃபில். சேர்க்கை என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

நெட் (தேசியத் தகுதித் தேர்வு) கட்டாயமா?

முனைவர் பட்டம் சேர நெட் மதிப்பெண்ணை இப்போது பல பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்கின்றன. அப்படிச் சேரும்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கு. சினிமா ஆய்வுக்கென்று தனித் தாள் கிடையாது, ‘வெகுஜனத் தொடர்பியல் மற்றும் இதழியல்’ என்ற தாளைத்தான் எழுத வேண்டும். முதல் தாள் பொதுவானது, 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து 3 மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விடாதீர்கள்.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது பெரிய சுவர் என்று தெரியும். ஆனால் பழைய கேள்வித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், தொடர்பியல் மாதிரிகள், பத்திரிகைச் சட்டங்கள், பத்திரிகை வரலாறு, ஆய்வு முறைகள், விளம்பரம் என்று குறிப்பிட்ட சில வட்டங்களுக்குள்ளேயேதான் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வட்டத்துக்குள் வரும் ஆங்கிலச் சொற்கள் ஒரு நோட்டுக்குள் அடங்கிவிடும். அதைப் பழகினால் மொழி பெரிய தடையாக இருக்காது.

படிக்கும்போது கைச்செலவுக்கு வழி?

நெட் தேர்விலேயே இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தேர்வானால் முதல் 2 ஆண்டு மாதம் ₹37,000, அதன்பின் முதுநிலைக்கு உயர்ந்தால் ₹42,000. இது 2023 ஜனவரி முதல் உயர்த்திய தொகை. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடிப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. அது கிடைக்காவிட்டால் பட்டியல் சாதியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனியாக தேசிய உதவித்தொகை இருக்கிறது. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் உதவியும் இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் புதுப்பித்துக் கையில் வைத்திருங்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை, வருமானச் சான்று தேதி முடிந்ததால் ஒரு வருடம் இழப்பதைப் பார்க்கும்போது மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா?

ஊடகத் துறைகளில் பொதுவாக ஆங்கிலம்தான். ஆனால் தமிழ்த்துறையில் சேர்ந்து சினிமாவைப் பற்றித் தமிழிலேயே ஆய்வு செய்யலாம், பலர் செய்திருக்கிறார்கள். சேரும் முன்பே வழிகாட்டியிடம் மொழி பற்றிப் பேசி முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தாலும் களக்குறிப்புகளையும் பேட்டிகளையும் கேட்டது கேட்டபடி நெல்லைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். “ரீலு வரலன்னா ஆளுக கல்ல விட்டு எறிஞ்சிருவாங்கல்லா” என்று ஒருவர் சொன்னதை உங்கள் நோட்டில் ஆங்கிலமாக்கி எழுதினால், அவருடைய பயமும் சிரிப்பும் அங்கேயே செத்துவிடும். மொழிபெயர்ப்பு கடைசி வேலை.

என்ன தலைப்பு எடுப்பது? எல்லாவற்றையும் யாரோ எழுதிவிட்டார்களே!

இதுதான் நான் மிக ஆசையோடு பதில் சொல்லும் கேள்வி. தமிழ் சினிமா பற்றிய ஆய்வு உலகத் தரத்தில் நடந்திருக்கிறது. சு. தியடோர் பாஸ்கரன், கார்த்திகேசு சிவத்தம்பி, எம்.எஸ்.எஸ். பாண்டியன் போன்றவர்கள் போட்ட பாதை அது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி சென்னையைப் பற்றியது, அல்லது நட்சத்திரங்களையும் அரசியலையும் பற்றியது. தாமிரபரணிக்கரை ஆட்கள் எப்படிப் படம் பார்த்தார்கள், எப்படி ரேடியோ கேட்டார்கள் என்று எழுதப்பட்டது ரொம்பக் குறைவு. கவிஞர் கலாப்ரியா தன் கட்டுரைகளில் அந்தக்கால நெல்லைத் தியேட்டர்களையும் ரசிகர்களையும் பதிவு செய்திருக்கிறார். அவர் காட்டிய இடங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஆய்வேடு ஆகும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த பிறகு 1957-இல் திருநெல்வேலிக்கு வந்தது. ஒரு நாளிதழ் எல்லை தாண்டி இடம் மாறும்போது அதன் செய்தி எப்படி மாறுகிறது? திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது. அதற்கு முன்பும் பின்பும் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலிதான் வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தது. உவரி, மணப்பாடு பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் அறிவிப்பாளர் குரலைக்கூட நினைவுபடுத்திச் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டாமா?

சுடலைமாடன் கொடைக்கு வாருங்கள். கணியான் கூத்தில் மகுடம் அடிக்கும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பவர் யார்? யூடியூபில் நேரலை போனதும் மும்பையிலும் துபாயிலும் இருக்கும் குடும்பங்கள் அதைப் பார்த்துக் காணிக்கை அனுப்புகின்றன. சாமியாடி கேமராவைப் பார்த்து ஆடுகிறாரா? கேமரா இருப்பதால் கூத்தின் நேரம் மாறுகிறதா? இதை எழுத உங்கள் ஊர்க் கோயிலைவிட நல்ல களம் கிடையாது.

சிவகாசி நமக்குப் பக்கம்தான். தமிழ்ப்படச் சுவரொட்டிகள் அங்கே அச்சாகி வந்தன. ஒரு போஸ்டர் அச்சகத்திலிருந்து நெல்லை ரயில் சந்திப்புப் பக்கத்துச் சுவருக்கு வந்து சேரும் வரைக்கும் எத்தனை கை மாறுகிறது, ஒட்டுகிற ஆளுக்கு எந்தச் சுவர் யாருடையது என்று எப்படித் தெரியும் என்று பின்தொடர்ந்தாலே போதும்.

அப்புறம் காஞ்சனை திரைப்பட இயக்கம். நெல்லையில் உலகப் படங்களைத் திரையிட்டு, மாற்று சினிமாவைப் பற்றிப் பேசிய அமைப்பு அது. அதைச் சேர்ந்த ஆர்.ஆர். சீனிவாசன், 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்ததைப் பற்றி ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். கையில் கிடைத்த கேமராவோடு ஒரு சிறு அமைப்பு ஒரு நிகழ்வின் சாட்சியாக நின்றது எப்படி என்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிற்கக்கூடிய ஆய்வுப் பொருள்.

‘பரியேறும் பெருமாள்’ எடுத்துக்கொள்ளலாமா?

2018-இல் வந்த அந்தப் படம் நம் மண்ணைத் திரையில் கொண்டுவந்த விதத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் விண்ணப்பிக்க வருகிறவர்களில் பலர் அதையேதான் சொல்கிறார்கள். பத்திரிகை விமர்சனங்களில் வந்ததையே நீங்களும் திரும்பச் சொன்னால் அது ஆய்வாகாது. படத்தை வைத்துக்கொள்ளுங்கள், கேள்வியை மாற்றுங்கள். படப்பிடிப்பு நடந்த ஊர்களில் அந்தப் படத்தை யார் யாரோடு சேர்ந்து பார்த்தார்கள்? கல்லூரி விடுதியில் படம் முடிந்த இரவு என்ன பேச்சு நடந்தது? துணை நடிகர்களாக வந்த உள்ளூர் மக்களுக்கு அதன் பிறகு ஊருக்குள் என்ன மரியாதை? இவற்றுக்கு இணையத்தில் பதில் கிடைக்காது, பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

பழைய தியேட்டர்களின் வரலாற்றை எங்கே தேடுவது? கட்டடமே இல்லையே.

கட்டடம் போனாலும் காகிதம் இருக்கும். தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1955, அதன் 1957 விதிகள் இவற்றின்படி தியேட்டர் நடத்த ‘சி ஃபார்ம்’ உரிமம் வேண்டும், அதைத் தருபவர் மாவட்ட ஆட்சியர். எத்தனை இருக்கை, எந்த வகுப்பு, டூரிங் கொட்டகையா நிரந்தரக் கட்டடமா என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். மாவட்டம் பிரிந்த வரலாற்றை மறக்க வேண்டாம்: 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனியானதால் ஒரே ஊரின் கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். அதற்கும் முந்தையது என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், பழைய சினிமாப் பத்திரிகைகளுக்கு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். படச்சுருளுக்கு 1964-இல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம். தென்னிந்திய மௌனப்படங்களில் தப்பிப் பிழைத்தவை மிகச் சில, அவற்றில் ஒன்றான ‘மார்த்தாண்ட வர்மா’வின் தயாரிப்பாளர் சுந்தர்ராஜ் நாகர்கோவில்காரர். அந்தப் படத்தின் பிரதி புனே காப்பகத்தில்தான் இருக்கிறது.

காகிதத்தைவிட எனக்குப் பெரிது தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர்கள். ஃபிலிம் காலத்து ஆபரேட்டர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். போகும்போது “அந்தக்காலத்துல தியேட்டர் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருந்துச்சு” என்று முடித்துவிடுவார். கணக்கு தெரிந்துகொண்டு போங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், வினாடிக்கு 24 பிரேம் ஓடும், ஆக நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, ஏறக்குறைய 14 ரீல். இது தெரிந்து போனால் இப்படிக் கேட்கலாம்: “உங்க தியேட்டர்ல மிஷின் ஒண்ணா, ரெண்டா? ஒரு மிஷின்னா ரீல் மாத்துற நேரத்துல ஜனங்க என்ன செய்வாங்க? ஒரே பிரிண்ட ரெண்டு தியேட்டர்ல ஓட்டினப்போ ரீல் பெட்டிய சைக்கிள்ல கொண்டு வந்தது யாரு? அவரு பஞ்சர் ஆகி நின்னா நீங்க திரையில என்ன போட்டீங்க?” இப்படிக் கேட்டால் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பேசுவார். கார்பன் குச்சியின் வெளிச்சம் எப்போது மங்கும், எந்தப் பாட்டுக்கு ஆபரேட்டர் ரூம் வரைக்கும் விசில் கேட்கும், தரை டிக்கெட்டில் பெண்கள் பக்கத்தைத் தட்டி வைத்துப் பிரித்தது எந்த வருடம் வரை என்று எல்லாம் வரும்.

டிக்கெட் கிழித்தவர், முறுக்கு விற்ற அக்கா, சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவர் இவர்களையும் விடாதீர்கள். முதலாளி சொல்வது ஒரு வரலாறு, இவர்கள் சொல்வது இன்னொன்று. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் உங்கள் அத்தியாயம் தொடங்கும்.

ஒரு படத்தை ‘ஆராய்வது’ என்றால் கதையைப் பற்றி எழுதுவதா?

கதையைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் அது விமர்சனம். வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு படத்தில் 10 நிமிடப் பகுதியை எடுத்துக்கொண்டு, கணினியில் வீடியோ ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஓட்டுங்கள். ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தினால் பிரேம் பிரேமாக நகரும். ஒவ்வொரு ஷாட் மாறும் நேரத்தையும் குறித்து வாருங்கள். 600 வினாடியில் 120 ஷாட் இருந்தால் சராசரி 5 வினாடி. அதே படத்தில் கதாநாயகி மட்டும் வரும் பகுதியிலும் சண்டைப் பகுதியிலும் தனித்தனியாக எண்ணுங்கள். பக்கத்தில் இன்னும் சில பத்திகள் போட்டு, கேமரா கண்மட்டத்தில் இருக்கிறதா, கீழிருந்து பார்க்கிறதா, ஒலி எங்கிருந்து வருகிறது என்று நிரப்புங்கள். இரண்டு நாள் பிடிக்கும், கண் எரியும். ஆனால் முடித்த பிறகு ‘இந்த இயக்குநர் பெண்ணின் முகத்தில் நீண்ட நேரம் நிற்பதில்லை’ என்று எழுதினால், அதை மறுக்க வருகிறவரும் எண்ணித்தான் மறுக்க வேண்டும்.

கோட்பாடு புரியவே மாட்டேன் என்கிறது. தொல்காப்பியத் திணையை வைத்து எழுதலாமா?

மேல்நாட்டுக் கோட்பாடு ஒருவர் தன் ஊர்ப் படத்தைப் பார்த்து எழுப்பிய கேள்விதான். பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் சொன்னதன் சாரம், அனுப்பியவர் நினைத்த பொருளையே பார்ப்பவரும் எடுத்துக்கொள்வார் என்று இல்லை, ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்க்கலாம் என்பது. இதைப் புரிந்துகொள்ள நம் டீக்கடையில் செய்தி சானல் ஓடும்போது பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

திணையை வைத்து எழுதலாம். மருதம் தாமிரபரணி வயலில், நெய்தல் கூத்தங்குழியில், குறிஞ்சி மாஞ்சோலையில், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரி பாலையை நினைவூட்டும்படி. ஒரே சீமையில் இத்தனை நிலமும் இருப்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ‘இந்தப் படம் நெய்தல், ஆகவே இரங்கல்’ என்று ஒட்டுப்போட்டு முடித்துவிடக் கூடாது. நிலம் திரையில் எத்தனை நேரம் வருகிறது, பாத்திரங்கள் அதில் வேலை செய்கிறார்களா அல்லது அது பின்னணிப் படமா, எந்தச் சாதியார் எந்த நிலத்தில் காட்டப்படுகிறார்கள் என்று கேட்டால் திணை உயிரோடு வேலை செய்யும். மெய்ப்பாட்டியலின் எட்டு மெய்ப்பாடுகளும் நடிப்பைப் பற்றிப் பேச நல்ல கருவி. அதைச் சினிமாவில் இன்னும் பொறுமையாகப் பொருத்திப் பார்க்க ஆள் வேண்டும்.

சாதியைப் பற்றி ஆராய்ந்தால் பிரச்சினை வருமா?

வரலாம். அதற்காக விட்டுவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டியதையும், அதன் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு 2024-இல் அறிக்கை தந்ததையும் நாம் பார்த்தோம். பிள்ளைகளின் கைப்பேசியில் ஸ்டேட்டஸாகவும் ரீல்ஸாகவும் சுற்றுகிற சாதிப் பெருமை எந்தப் படத்துப் பாட்டை, எந்த வசனத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஊடக மாணவர் ஆராயாமல் வேறு யார் ஆராய்வது?

ஆனால் செய்யும் முறை முக்கியம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் பேசப் பெற்றோர் ஒப்புதலும் பள்ளியின் அனுமதியும் வேண்டும். பெயர், ஊர், தெரு, பள்ளி எதுவும் ஆய்வேட்டில் வெளியே தெரியக் கூடாது. ஊர்ப்பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ‘கால்வாய்க்குத் தெற்கே இருக்கும் கோயில்’ என்று எழுதினால் நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பேசியவருக்கு ஆபத்து வரும் என்றால், எவ்வளவு அருமையான மேற்கோளாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். உங்கள் சொந்தச் சாதி என்ன, அது உங்களுக்கு எந்தக் கதவைத் திறந்தது, எதை மூடியது என்றும் முறையியல் அத்தியாயத்தில் நேர்மையாக எழுதுங்கள்.

படத்தின் காட்சிகளை ஆய்வேட்டில் அச்சிடலாமா?

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. நீங்கள் விளக்கும் காட்சியின் ஒரு பிரேமைப் போட்டுப் பெயரும் ஆண்டும் குறிப்பிடலாம். அழகுக்காகப் பக்கம் பக்கமாகப் போடக் கூடாது. படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த படத்துக்கு 2024 முடிவோடு அது தீர்ந்தது.

பிறர் எழுதியதை எடுத்தாண்டால்?

மேற்கோள் குறி போட்டு, யார் எழுதியது என்று சொல்லுங்கள். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்கு மேல் போனால் நடவடிக்கை உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி சொல்கிறது. முன்பு நடந்த ஆய்வுகளை ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் இலவசமாகப் படிக்கலாம். தலைப்பு முடிவு செய்யும் முன்பே அங்கே தேடுங்கள்.

கடைசியில் வேலை கிடைக்குமா?

அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு 55 சதவீத முதுகலையோடு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் ₹57,700. ஆனால் விஸ்காம் துறைகள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கின்றன, அங்கே சம்பளம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டுச் சேருங்கள். ஆய்வு பழகியவர்கள் ஆவணப்பட ஆராய்ச்சி, செய்தி நிறுவனங்களின் தகவல் சரிபார்ப்பு, அருங்காட்சியக, காப்பக வேலை, திரைக்கதைக்கான களஆய்வு என்றும் போகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் தெரிந்த ஊடக ஆய்வாளர்களுக்கு மதிப்பு உண்டு. நெல்லைப் பேச்சு காதுக்குப் பிடிபட்டவர் எழுத்தில் கொண்டுவரும் களத்தகவல் வேறு யாரிடமும் கிடைக்காது.

இன்னும் எங்கேயும் சேரவில்லை. இப்போதே ஏதாவது தொடங்கலாமா?

தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஒரு தியேட்டரைத் தேர்ந்தெடுங்கள். அதில் வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டு, வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். கைப்பேசியில் பதிவு செய்யும் முன் “பதிவு பண்ணிக்கிடட்டுமா ஐயா?” என்று கேட்டு, அவர் சம்மதம் சொல்வதையும் பதிவிலேயே வாங்கிவிடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். பழைய டிக்கெட், பாஸ், போட்டோ காட்டினால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

கோப்புக்குத் தேதி, ஊர், பேசியவரின் சுருக்கப்பெயர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். கைப்பேசியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று பிரதி. நான்காவதை ஒரு பென்டிரைவில் போட்டு, பேசியவர் வீட்டில் பேரன் பேத்தி யாரிடமாவது அந்த வாரத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.